வளைந்த ஃபோர்க்: ஒரு பழைய றலியை வைத்துக் கொஞ்சம் வரலாறு

இலங்கையின் அரச தமிழில் சைக்கிளுக்குப் பெயர் துவிச்சக்கரவண்டி. பொலிஸ் அறிக்கையிலும் பேப்பர்ச் செய்தியிலும் அது அந்தப் பெயரோடுதான் வரும். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் மிதிவண்டி. ஆனால் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ யாழ்ப்பாணத்திலோ யாரும் 'துவிச்சக்கரவண்டியில வந்தேன்' என்று சொல்லி நாங்கள் கேட்டதில்லை. சைக்கிள்தான். கொஞ்சம் வயதானவர்களிடம் கேட்டால் சைக்கிள் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். 'என்னட்ட ஒரு றலி இருந்தது', 'அப்பா ஹம்பர்லதான் போவார்' என்று கம்பனிப் பெயரையே சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் அடுத்த தலைமுறைக்கு அந்த இடத்தில் லுமாலா வந்தது.

இவ்வளவு நெருக்கமாகப் பழகிய ஒரு இயந்திரம் எங்கள் வரலாற்றுப் பாடத்தில் வருவதே இல்லை. ரயில் வரும், கொழும்புத் துறைமுகம் வரும், பெருந்தெரு வரும். சைக்கிள் வராது. அப்படியே வந்தாலும் 'எப்போது வந்தது, யார் கொண்டு வந்தார்' என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும். வந்ததற்குப் பிறகு நாற்பது ஐம்பது வருடம் அதை ஓட வைத்தது யார் என்ற கேள்வி எழுவதில்லை.

இந்தக் கட்டுரையில் நாங்கள் முழு சைக்கிளையும் பேசப் போவதில்லை. அதன் ஒரேயொரு பாகத்தை மட்டும் எடுக்கிறோம்: முன் சில்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஃபோர்க். அது வளைந்தால், வெடித்தால், என்ன செய்வார்கள்? 1965இல் என்ன செய்திருப்பார்கள், 1992இல் என்ன செய்தார்கள், இன்றைக்கு என்ன செய்கிறார்கள்? இந்தச் சின்னக் கேள்விக்குள் இலங்கையின் பொருளாதார வரலாறு நிறையவே இருக்கிறது.

ஏன் புதுக்கடை?

புதுக்கடை என்றதும் எல்லோருக்கும் இரண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒன்று நீதிமன்றம், மற்றது இரவுச் சாப்பாடு. ஆங்கிலத்தில் இந்த இடத்தின் பெயர் ஹல்ஃப்ட்ஸ்டோர்ப். போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடிக்க ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது அவர்களின் தளபதியாக இருந்த ஜெரார்ட் ஹுல்ஃப்ட் 1656 ஏப்ரலில் கொல்லப்பட்டார். அடுத்த மாதமே கோட்டை விழுந்தது. அவர் முகாமிட்ட மேட்டுக்கு 'ஹுல்ஃப்டின் கிராமம்' என்று பெயர் நின்றுவிட்டது. தமிழில் புதுக்கடை, சிங்களத்தில் அலுத்கடே, இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான். ஒல்லாந்தத் தளபதியின் பெயரை ஆங்கிலம் வைத்துக்கொண்டது. தமிழும் சிங்களமும் கடையை வைத்துக்கொண்டன.

கடை என்பது இங்கே வெறும் பெயரில்லை. புதுக்கடையைச் சுற்றி நடந்து பாருங்கள். டாம் வீதியில் சைக்கிள் கடைகள். பழைய சோனகத் தெருவில் ஆணி, திருகாணி, பூட்டு, பைப். கொஞ்சம் தள்ளிப் பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகம். 'பஞ்சிகாவத்தையில கிடைக்காட்டி எங்கயும் கிடைக்காது' என்பது கொழும்பில் சாதாரணமாகச் சொல்லும் பேச்சு. தமிழ், சிங்களம் இரண்டும் ஒரே வசனத்துக்குள் வந்துபோகிற சந்துகள் இவை. ஒரு பழைய சைக்கிளுக்குப் பாகம் தேட வேண்டும் என்றால் இங்கேதான் தொடங்க வேண்டும்.

இன்னொரு சின்னத் தொடுப்பும் உண்டு. 1944இல் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசைத் தொடங்கிய ஜீ.ஜீ. பொன்னம்பலம் நாடறிந்த குற்றவியல் வழக்கறிஞர். அவரைப் போன்றவர்களின் தொழிற்களம் புதுக்கடை நீதிமன்றங்கள்தான். அவர் தொடங்கிய கட்சியின் சின்னம் சைக்கிள். தேர்தல் காலத்தில் மதிலெல்லாம் சைக்கிள் படம் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் வடக்கில் ஏராளம்.

நொட்டிங்ஹாமில் இருந்து வந்தது, இங்கிருந்து போனது

இன்று நாங்கள் ஓட்டுகிற வடிவத்துச் சைக்கிள், அதாவது இரண்டு சில்லும் ஏறக்குறைய ஒரே அளவு, பின் சில்லுக்குச் சங்கிலி, 1885இல் இங்கிலாந்தில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி செய்த 'ரோவர்' சைக்கிளோடு நிலைபெற்றது. 1888இல் டன்லொப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அதே காலத்தில்தான் ஃபிராங்க் பௌடன் நொட்டிங்ஹாம் நகரில் றலி தெருவில் இருந்த ஒரு சின்னப் பட்டறையை வாங்கிக் கம்பனியாக்கினார். றலி என்ற பெயர் அந்தத் தெருவின் பெயர்.

காற்றடைத்த டயர் வந்ததும் உலகத்துக்கு ரப்பர் தேவைப்பட்டது. இங்கேதான் இலங்கை உள்ளே வருகிறது. 1876இல் பிரேசிலில் இருந்து ஹென்றி விக்ஹாம் லண்டனுக்குக் கொண்டுபோன ரப்பர் விதைகளில் முளைத்த கன்றுகளில் 1,900க்கும் மேற்பட்டவை இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் அவை நடப்பட்டன. பிறகு சைக்கிளும் அதற்கடுத்து மோட்டார் காரும் ரப்பரின் விலையை ஏற்ற, களுத்துறையிலும் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் ரப்பர்த் தோட்டங்கள் பரவின. அங்கே பால் வெட்டியவர்களில் பெரும்பகுதி தென்னிந்தியாவில் இருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள். ஆகவே 'சைக்கிள் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது' என்று சொல்வது பாதிக் கதை. டயருக்குள் இருந்த உழைப்பில் ஒரு பங்கு எங்களுடையது.

மற்ற முனையில் நொட்டிங்ஹாம் தொழிற்சாலை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனுக்கு வெளிநாட்டுக் காசு தேவைப்பட்டது. சைக்கிள் ஏற்றுமதி அதற்கு உதவியது. 1950களின் தொடக்கத்தில் றலி ஆண்டுக்கு ஏறத்தாழ 10 இலட்சம் சைக்கிள் செய்தது. அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்த அலன் சிலிட்டோ பிறகு நாவலாசிரியரானார். 1958இல் வந்த அவரது 'சற்றர்டே நைட் அண்ட் சண்டே மோர்னிங்' நாவலின் நாயகன் ஒரு சைக்கிள் தொழிற்சாலைத் தொழிலாளி. கடைசிச் சம்பளம்வரை எண்ணிப் பார்த்து வாழ்ந்த அந்த ஆட்கள் செய்த சைக்கிள்கள்தான் ஆசிய, ஆபிரிக்க நாடுகளின் மண் ரோட்டில் ஓடின.

காலனிய இலங்கையில் சாதாரண மக்களின் கையில் இயந்திரங்கள் எப்படி வந்து சேர்ந்தன என்பதைப் பற்றி வரலாற்றாசிரியர் நிரா விக்கிரமசிங்க 2014இல் 'மெட்டாலிக் மொடர்ன்' என்ற நூலை எழுதியிருக்கிறார். தையல் மெஷின், கிராமபோன், ட்ராம், சைக்கிள் என்று அன்றாடப் பொருள்களை வைத்தே நவீனத்தைப் பேசும் புத்தகம். தொழில்நுட்ப வரலாறு கண்டுபிடிப்புகளை மட்டுமே துரத்துகிறது, பயன்பாட்டையும் பராமரிப்பையும் மறந்துவிடுகிறது என்று டேவிட் எட்ஜர்டன் 'த ஷொக் ஒஃப் த ஓல்ட்' நூலில் வாதிடுகிறார். இந்த இரண்டையும் வாசித்த பிறகுதான் வளைந்த ஃபோர்க்கை வேறு கண்ணோடு பார்க்கத் தோன்றியது.

ஃபோர்க் என்ன செய்கிறது?

ஃபோர்க்கைக் கழற்றி மேசையில் வைத்தால் மூன்று பகுதி தெரியும். மேலே ஹாண்டிலோடு சேர்கிற ஒற்றைக் குழாய். நடுவில் முடி. கீழே இரண்டு கால். கால்கள் நேரே இறங்காமல் கடைசியில் முன்னுக்கு வளைந்திருக்கும். பழைய றலி, ஹம்பர், ஹேர்குலிஸ் மாதிரியான பெரிய 28 அங்குலச் சில்லுச் சைக்கிள்களில் அந்த வளைவு நன்றாகவே தெரியும்.

வளைவு அழகுக்கு மட்டுமல்ல. ஹாண்டில் திரும்புகிற அச்சை அப்படியே நிலம்வரை நீட்டினால், டயர் நிலத்தைத் தொடும் இடம் அதற்குக் கொஞ்சம் பின்னால் இருக்கும். அந்த இடைவெளிதான் சைக்கிளைத் தானாக நேரே போக வைக்கிறது. இடைவெளி எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பதில் ஃபோர்க்கின் வளைவுக்குப் பெரிய பங்கு. அதோடு, பள்ளத்தில் இறங்கும்போது அந்த நீண்ட கால்கள் கொஞ்சம் வளைந்து கொடுத்து அடியை வாங்கிக்கொள்ளும்.

இப்போது சைக்கிள் மதிலிலோ வேறு வண்டியிலோ முன்பக்கமாக மோதுகிறது என்று வையுங்கள். சில்லு நிற்கும், ஆள் நிற்க மாட்டார். கால்கள் பின்னுக்கு மடியும். முன் சில்லு சட்டத்துக்குக் கிட்ட வந்துவிடும். திருப்பும்போது சப்பாத்து மட்கார்டில் முட்டும். ஹாண்டில் பாரமாகும். பலர் இதோடேயே மாதக் கணக்கில் ஓட்டுவார்கள். 'கொஞ்சம் இழுக்குது' என்பார்கள், அவ்வளவுதான்.

ஆபத்து அங்கேதான். பின் சில்லில் ஏதாவது போனால் சைக்கிள் நிற்கும். ஓடும்போது ஃபோர்க் முறிந்தால் ஆள் முகம் குப்புற விழுவார். அதனால் ஃபோர்க்கைத் திருத்துவது என்பது 'செய்யலாமா' என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டிய வேலை.

நிமிர்த்தலாம், நிமிர்த்த ஏலா

எங்கள் குழுவில் ஒருவரின் தாத்தாவுடைய றலி, பின்னுக்கு மடிந்த ஃபோர்க்கோடு வருடக்கணக்காக வீட்டுப் பின்பக்கத்தில் கிடந்தது. அதைக் கழற்றிக்கொண்டு புதுக்கடைப் பக்கம் போனோம். பட்டறையில் இருந்த நானா முதலில் கையில் வாங்கவே இல்லை. வெளிச்சத்தில் பிடிக்கச் சொன்னார். பிறகு துணியால் துடைத்து, முடிக்குக் கீழே நகத்தால் வருடிப் பார்த்தார்.

"தம்பி, வளஞ்சத நிமித்தலாம். வெடிச்சத நிமித்த ஏலா."

அவர் தேடியது வெடிப்பு. முடியும் காலும் சேரும் இடம், மேற்குழாயின் அடி, இரண்டும்தான் அதிகம் பாரம் வாங்கும் இடங்கள். பெயின்ட் மெல்லிய கோடாகப் பிளந்து உள்ளே துரு தெரிந்தால் அதற்குக் கீழே இரும்பும் பிளந்திருக்கலாம். குழாய் மடிந்து சுருக்கம் விழுந்திருந்தாலும் அதே தீர்ப்புத்தான். அந்த ஃபோர்க் ரோட்டுக்குத் திரும்பக் கூடாது. எவ்வளவு பழையதாக இருந்தாலும், யாருடைய ஞாபகமாக இருந்தாலும்.

வெடிப்பு இல்லையென்றால் அடுத்தது எங்கே வளைந்திருக்கிறது என்று பார்ப்பது. கால் மட்டும் மடிந்திருக்கிறதா, மேற்குழாயுமா? சைக்கிளில் பூட்டியிருக்கும்போதே இதைக் கண்டுபிடிக்கலாம். ஹாண்டிலைத் திருப்பும்போது ஒரு இடத்தில் இறுகி இன்னொரு இடத்தில் இளகினால் மேற்குழாய் வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். சட்டத்தின் கீழ்க்குழாய், முன்தலையோடு சேரும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே புடைத்திருக்கிறதா என்றும் தடவிப் பார்க்க வேண்டும். ஃபோர்க்கை மடித்த அடி அங்கேயும் போயிருக்கலாம்.

நிமிர்த்துகிற வேலை பார்க்க எளிது. மரக்கட்டை வைத்து வைஸில் பிடித்து, நீளமான பைப்பால் நெம்பி, கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்குக் கொண்டுவருவது. இரும்பு விட்டதும் கொஞ்சம் திரும்பிப் போகும் என்பதால் தேவையானதைவிட ஒரு துளி அதிகம் நெம்ப வேண்டும். அந்தத் துளி எவ்வளவு என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒவ்வொரு தடவையும் சில்லைப் பூட்டிப் பார்க்கிறார்கள். நடுவில் நிற்காவிட்டால் சில்லைக் கழற்றி இடம் வலம் மாற்றிப் பூட்டுகிறார்கள். சாய்வும் சேர்ந்து மறுபக்கம் போனால் பிழை சில்லில். சாய்வு அதே பக்கம் நின்றால் பிழை ஃபோர்க்கில். இவ்வளவு எளிய பரிசோதனையை எங்களுக்குப் பள்ளிக்கூட விஞ்ஞானத்தில் யாரும் காட்டித் தரவில்லை.

இதையெல்லாம் குளிராகத்தான் செய்வார்கள். நெருப்பு வைத்தால் சுகமாக வளையும், ஆனால் முடியும் காலும் பித்தளையால் ஒட்டப்பட்டவை. சுமார் 900 பாகை செல்சியசில் பித்தளை இளகிவிடும், ஒட்டே கழன்றுவிடும். ஒட்டை வேண்டுமென்றே கழற்றுகிற சந்தர்ப்பமும் உண்டு. மேற்குழாய் கெட்டு, முடியும் கால்களும் நன்றாக இருந்தால், சூடாக்கிப் பழைய குழாயை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்து ஒட்டலாம். பித்தளைக் கம்பியும் வெண்காரமும் வேண்டும். செட்டியார் தெருவில் நகை ஒட்டுகிறவர்கள் வைத்திருக்கும் அதே வெண்காரம்தான். இது எல்லோரும் செய்யக்கூடிய வேலை இல்லை. சூடு குறைந்தால் ஒட்டாது, கூடினால் இரும்பு கெட்டுப்போகும்.

'ஏன் இவ்வளவு சிரமம், வேறு ஃபோர்க் போடலாமே?' என்று கேட்கலாம். நாங்களும் கேட்டோம். பழைய நொட்டிங்ஹாம் றலியின் மேற்குழாயில் மரை அங்குலத்துக்கு 26. மற்றப் பெரும்பாலான பிரிட்டிஷ் சைக்கிள்களில் அங்குலத்துக்கு 24. பார்த்தால் வித்தியாசம் தெரியாது, ஆனால் நட்டு ஏறாது. றலி தனக்கென்று ஒரு அளவு வைத்துக்கொண்டது. வாங்கியவர் பாகத்துக்கும் றலியிடமே வர வேண்டும். ஒரு காலத்து ஃபோன் சார்ஜர் கதை மாதிரிதான். நொட்டிங்ஹாமில் உற்பத்தி 2002இல் நின்றுபோனது. மரை மட்டும் மிச்சம்.

மூன்று காலம்

இனி முதல் கேள்விக்கு வருவோம். வளைந்த ஃபோர்க்கை என்ன செய்வது என்பது அந்தந்தக் காலத்தைப் பொறுத்தது.

1960களின் தொடக்கத்தில் இருந்து வெளிநாட்டுச் செலாவணி நெருக்கடியால் இலங்கை இறக்குமதியை இறுக்கியது. 1970 முதல் 1977 வரையான சிறிமாவோ பண்டாரநாயக்க அரசின் காலத்தில் அது உச்சத்துக்குப் போனது. பாணுக்கு வரிசை நின்ற கதை எல்லா வீட்டிலும் இருக்கும். வெங்காயமும் மிளகாயும் வெளியில் இருந்து வராததால் யாழ்ப்பாண விவசாயி கையில் காசு பார்த்த காலமும் அதுதான். அந்த வெங்காயம் சந்தைக்குப் போனதில் சைக்கிள் கரியருக்குப் பெரிய பங்குண்டு. கவனித்துப் பார்த்தால், விவசாயிக்குக் காசு கொடுத்த அதே கொள்கைதான் அவருடைய சைக்கிளுக்குப் புதுப் பாகம் கிடைக்காமலும் செய்தது. அப்போது நிமிர்த்துவது விருப்பமல்ல, வேறு வழியில்லை. இன்றுள்ள மூத்த திருத்துநர்களின் கை பழகியது இந்தக் காலத்தில்.

1977இல் பொருளாதாரம் திறந்தது. பாகம் வரத் தொடங்கியது. டாம் வீதிக் கடைகளில் ஃபோர்க் தொங்கியது. வளைந்ததா, கழற்றி எறி, புதியதைப் பூட்டு.

ஆனால் வடக்குக்கு அந்தத் திறப்பு நீடிக்கவில்லை. 1990இல் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, மின்சாரம் இல்லை. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் ரேடியோவில் செய்தி கேட்டார்கள். கிளாலிக் கடலைப் படகில் கடக்கும்போது சைக்கிளும் கூடவே வந்தது. நோயாளி, விறகு, அரிசி மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளை எல்லாம் ஒரே சைக்கிளில். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இலட்சக் கணக்கில் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, உருட்டிக்கொண்டு போன சைக்கிள்தான் பல குடும்பங்களின் மொத்த வீடு. ஒரு ஆளைச் சுமக்கச் செய்த ஃபோர்க் எவ்வளவைத் தாங்கியது என்பதை நொட்டிங்ஹாம் பொறியியலாளர்கள் கற்பனை செய்திருக்க மாட்டார்கள். கொழும்பில் எறியப்பட்ட பாகம் அங்கே பொக்கிஷம். ஒரே நாட்டில், ஒரே வருடத்தில், ஒரே வளைந்த ஃபோர்க்குக்கு இரண்டு விதி.

பிறகு 2022. எங்கள் தலைமுறை கண்ணால் பார்த்த காலம். ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைக்கு மட்டும் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. கொழும்பு ரோட்டில் டை கட்டியவர்கள் சைக்கிளில் போனார்கள். ஜூலை 9ஆம் திகதி காலிமுகத்திடலுக்குப் பலர் வந்ததும் சைக்கிளில்தான். 2020இல் தொடங்கிய இறக்குமதிக் கட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, சைக்கிளின் விலை சாதாரண ஆளுக்கு எட்டாமல் போனது. வீட்டுப் பின்பக்கத்தில் துருப்பிடித்துக் கிடந்ததெல்லாம் பட்டறைக்கு வந்தது. அப்போது கண்டோம்: சைக்கிள் இருக்கிறது, திருத்தத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள்.

சுவரில் தொங்குகிற றலி

இப்போது பழைய சைக்கிளுக்கு வேறு ஒரு மவுசு. 'விண்டேஜ்' என்று சொல்லி வாங்குகிறார்கள். சிலர் உண்மையாகவே நேசித்து ஓட்டுகிறார்கள். சிலர் கஃபே சுவரில் தொங்கவிடுகிறார்கள். எங்களுக்கு அதில் பெரிய கோபம் ஒன்றும் இல்லை, குப்பைக்குப் போவதைவிட அது நல்லது. ஆனால் சுவரில் தொங்குவதற்கு ஃபோர்க் நேராக இருக்கத் தேவையில்லை. பெயின்ட் பளபளத்தால் போதும். ஓடுகிற சைக்கிளுக்குத்தான் நிமிர்த்துகிற கை வேண்டும். சைக்கிள் அலங்காரமாகும்போது பொருள் தப்பும், தொழில் தப்பாது.

அந்த நானாவிடம் இந்த வேலையை யாருக்காவது பழக்குகிறீர்களா என்று கேட்டோம். "யாரு வார? எல்லாரும் த்ரீவீல் பட்டறைக்குப் போறாங்க" என்றார். குறை சொல்கிற தொனி இல்லை. உழைப்புக்கு ஏற்ற காசு இல்லாத இடத்துக்கு இளைஞர் ஏன் வர வேண்டும் என்பது அவருக்கும் தெரியும்.

நாங்கள் கலைப்பீடத்தில் படிக்கிறவர்கள். ஃபோர்க் நிமிர்த்த எங்களால் முடியாது. எழுதி வைக்க முடியும். எங்கள் பல்கலைக்கழகங்களில் வாய்மொழி வரலாறு என்ற பேரில் போராட்டம், இடப்பெயர்வு, அரசியல் பற்றியெல்லாம் பதிவு செய்கிறோம், செய்யத்தான் வேண்டும். அதே ஒலிப்பதிவுக் கருவியை ஒரு நாள் சைக்கிள் கடைக்கும் கொண்டு போகலாம். 1975இல் மரை தேய்ந்தால் என்ன செய்தீர்கள்? 1991இல் டியூப் இல்லாமல் டயரை எப்படி ஓட்டினீர்கள்? எந்த ஃபோர்க்கை 'முடியாது' என்று திருப்பிக் கொடுத்தீர்கள்? வீட்டில் தாத்தாவின் சைக்கிள் லைசன்ஸ், உள்ளூராட்சி சபை கொடுத்த பற்றுச்சீட்டு, பழைய பில் ஏதாவது இருந்தால் எறியாதீர்கள். படம் எடுத்து, எந்த ஊர், யாருடையது என்று பின்னால் எழுதி வையுங்கள்.

தாத்தாவின் றலியில் வெடிப்பு இல்லை. இரண்டு கால் மட்டும்தான் மடிந்திருந்தது. ஒரு பின்னேரம் முழுக்க எடுத்தது. நானா சில்லைப் பூட்டிச் சுழற்றிவிட்டு, கொஞ்சத் தூரம் ஹாண்டிலை விட்டு ஓட்டிப் பார்க்கச் சொன்னார். நேரே போனது. முதல் ஒரு மாதம் வாரத்துக்கு ஒருக்கா முடிக்குக் கீழே துடைத்துப் பாருங்கள், கோடு ஏதாவது தெரிந்தால் ஓட்டாதீங்க, என்னட்ட கொண்டு வாங்க என்று சொல்லித்தான் அனுப்பினார்.